நெட் வரவில்லை! சாளரம் வழியா, கட்டளை வழியா?

"நெட் வரலை" என்ற சொற்களைக் கேட்காத வீடு இன்று நகரங்களில் இல்லை எனலாம். பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, அப்பாவுக்கு ஆபீஸ் மீட்டிங், தாத்தாவுக்கு டாக்டருடன் வீடியோ ஆலோசனை, அம்மாவுக்கு ஊரில் இருக்கும் அக்காவோடு பேச்சு. அத்தனையும் ஒரே நொடியில் நின்று போகின்றன.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இரண்டு கூடுதல் சிரமங்கள் உண்டு. முதலாவது, கேபிள்காரரிடம் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ கோளாறை விளக்க வேண்டும். "எங்க லைன் சரியா இருக்கு, உங்க கம்ப்யூட்டர்லதான் பிரச்சினை" என்று அவர் சொல்லிவிட்டால், அதை ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று நமக்குத் தெரிவதில்லை. இரண்டாவது, ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரின் வீட்டில் நெட் போனால், ஆயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு போன் மூலமாகவே அதைச் சரிசெய்து தரும் கடமையும் நம் தலையில்தான்.

கணினியின் வலையமைப்பு விவரங்களைப் பார்க்கவும் மாற்றவும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, திரையில் தோன்றும் சாளரங்களில் சுட்டெலியால் தொட்டுத் தொட்டுச் செல்வது. மற்றொன்று, கருப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டச்சு செய்வது. முதலாவது பாமரர்க்கு, இரண்டாவது இன்ஜினியர்களுக்கு என்று ஒரு எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. அது முழு உண்மை அல்ல. எந்த வேலைக்கு எது ஏற்றது, எதில் என்ன ஆபத்து என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

மாற்றப்படும் விவரங்கள் எவை?

வழி எதுவாயினும், அடியில் இருக்கும் விவரங்கள் ஒன்றுதான். பெரும்பாலும் நான்கே நான்கு.

முதலாவது ஐ.பி. முகவரி. இது கணினியின் கதவு இலக்கம் என்று கொள்ளலாம். புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. உதாரணமாக 192.168.1.5. இந்த முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் சாத்தியம். உலகத்துக்கு அது போதாது என்பதால், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென்று சில முகவரித் தொகுதிகளை 1990-களில் ஒதுக்கி வைத்தார்கள். 192.168 என்று தொடங்குபவை அவற்றில் ஒரு வகை. அதனால்தான் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதே எண் இருந்தாலும் சண்டை வருவதில்லை.

இரண்டாவது சப்நெட் மாஸ்க். இது நம் தெரு எதுவரை என்று சொல்லும் எல்லைக்கோடு. வீடுகளில் பெரும்பாலும் 255.255.255.0 என்றிருக்கும். முதல் மூன்று எண்கள் ஒத்துப்போகும் கருவிகள் எல்லாம் ஒரே தெருக்காரர்கள் என்பது இதன் பொருள்.

மூன்றாவது கேட்வே. தெருவைத் தாண்டிப் போக வேண்டுமானால் தெருமுனைக்கு வந்துதானே ஆகவேண்டும்? அந்தத் தெருமுனைதான் கேட்வே. வீட்டில் விளக்குகள் மினுக்கும் அந்த ரவுட்டர் பெட்டியின் முகவரியே இது.

நான்காவது டி.என்.எஸ். நாம் பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் டெலிபோன் டைரக்டரி. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்த ஏற்பாடு இது. டைரக்டரி கிடைக்காவிட்டால், லைன் நன்றாக இருந்தும் யாரையும் கூப்பிட முடியாது.

இந்த நான்கையும் நாம் கைப்பட எழுத வேண்டியதில்லை. டி.எச்.சி.பி. என்ற முறையில் ரவுட்டரே கொடுத்துவிடும். லாட்ஜில் போய் நின்றதும் மேனேஜர் காலியாக உள்ள அறையின் சாவியைக் கொடுப்பது போல, காலியாக உள்ள ஓர் எண்ணைக் கருவிக்குக் கொடுக்கிறது. அறைக்கு இருப்பது போலவே இதற்கும் கெடு உண்டு. கெடு முடிவதற்கு முன்பே கணினி தானாகக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும்.

எழுத்திலிருந்து படத்துக்கு

கணினிகளில் முதலில் வந்தது எழுத்து வழிதான். 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் முழுக்க முழுக்கக் கட்டளையால் நடந்தது. கணினியின் வலை முகவரியை அமைக்கும் இஃப்கான்ஃபிக் என்ற கட்டளை, 1983-இல் வெளிவந்த யூனிக்ஸின் பெர்க்லி பதிப்பில் தோன்றியது. எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கும் பிங் என்ற சிறு நிரலை அதே ஆண்டு டிசம்பரில் மைக் மூஸ் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலிதான் அந்தப் பெயருக்குக் காரணம். ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பது போலத்தான் இதுவும்.

சுட்டெலியை 1968-இல் டக்ளஸ் எங்கல்பார்ட் பொதுமேடையில் செய்துகாட்டினார். 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தின் ஆல்ட்டோ, 1984-இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ், 1985-இல் மைக்ரோசாப்டின் விண்டோஸ் என்று படவழி மெல்ல மெல்ல வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் இந்த வேறுபாட்டை மூத்த வாசகர்கள் பலர் கையில் பட்டே உணர்ந்திருப்பார்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய சேவையைத் தொடங்கியது. அப்போது ஷெல் கணக்கு என்று ஒன்று இருந்தது. விலை குறைவு, ஆனால் திரையில் வெறும் எழுத்துதான் வரும். படத்தோடு இணையத்தைப் பார்க்க வேண்டுமானால் டி.சி.பி./ஐ.பி. கணக்கு வாங்க வேண்டும். அதற்கு விலை அதிகம். ஆக, அன்றைக்கு வசதி படைத்தவர்க்குப் படம், மாணவர்க்குக் கட்டளை! இன்று நிலைமை தலைகீழ். கையில் உள்ள செல்போனில் படவழி மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. கட்டளை என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

சாளரத்தின் சிறப்புகள்

சாளர வழியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அதன் முதல் பெருமை, என்னென்ன செய்ய முடியும் என்பதை அதுவே கண்முன் வைத்துவிடுகிறது. புதிய ஊரில் ஒரு ஓட்டலுக்குப் போனால் மெனு கார்டைப் பார்த்து விரலால் தொட்டுக் காட்டினால் போதும். அந்த ஊர் பாஷை தெரிய வேண்டியதில்லை. அதுபோலத்தான் இதுவும்.

இரண்டாவது, அது தப்பைத் தடுக்கிறது. முகவரிக் கட்டத்தில் 256 என்று போட்டால் விண்டோஸ் சாளரம் உடனே மறுத்து, 255-க்கு மேல் கூடாது என்று எச்சரிக்கும். மாற்றத்தைச் சேமிக்காமலே ரத்து செய்து வெளியேறலாம்.

மூன்றாவது தமிழ். இது நமக்கு முக்கியம். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, லினக்ஸின் கேடிஈ, க்னோம் ஆகியவற்றின் சாளரங்களைத் தமிழிலேயே பார்க்க முடிகிறது. அதன் பின்னால் தன்னார்வத் தமிழர்கள் பலரின் உழைப்பும் இருக்கிறது. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், இந்திய மொழிகளில் இயங்க வேண்டும் என்ற நோக்கத்துடனே வந்தது. கட்டளைத் திரையில் இந்த வசதி மிகக் குறைவு. அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் என்ற கணக்கு இருப்பதால் 'கௌ', 'ணை' போன்ற நம் எழுத்துகள் ஒழுங்காக உட்காருவதில்லை. கட்டளைச் சொற்களும் ஆங்கில எழுத்துகளால் ஆனவை. ஆங்கிலம் தட்டச்சு செய்ய வராத பாட்டிக்கு, தமிழில் 'அமைப்புகள்' என்று எழுதிய பொத்தான்தான் உதவும்.

கட்டளையின் சிறப்புகள்

சரி, அப்படியானால் கட்டளை எதற்கு? மீண்டும் ஓட்டலுக்கே போவோம். பழகிய கடையில் மெனு கார்டை யாரும் பார்ப்பதில்லை. "ஒரு ரோஸ்ட், பொடி தூக்கலா, எண்ணெய் கம்மியா" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். கார்டில் அச்சடிக்காத நுணுக்கம் எல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. கட்டளையும் அப்படியே. முதலில் வேலையின் பெயர், பிறகு அதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்புகள்.

இதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. கட்டளையை வாயால் சொல்ல முடியும். கும்பகோணத்தில் இருக்கும் தந்தைக்கும் புனேயில் இருக்கும் மகளுக்கும் நடக்கக்கூடிய இந்தப் பேச்சைப் பாருங்கள்.

"அப்பா, கீழே வலது பக்கம் மூலையில ஒரு சின்னம் இருக்கா பாருங்க."

"நிறைய இருக்கேம்மா. எதைச் சொல்ற?"

"ஒய்ஃபை மாதிரி, விசிறி விரிச்ச மாதிரி."

"அப்படி எதுவும் இல்லையே. பூமி உருண்டை மாதிரி ஒண்ணு இருக்கு."

"சரி, அதுதான். அதை ரைட் கிளிக் பண்ணுங்க."

"பண்ணினேன். நீ சொன்னது எதுவும் வரலை. வேற என்னமோ வந்திருக்கு."

இப்படியே அரைமணி நேரம் போகும். இருவர் திரையும் ஒன்றுபோல் இருந்தால்தான் இந்த முறை நடக்கும். ஆனால் விண்டோஸின் ஒவ்வொரு பதிப்பிலும் இந்தச் சாளரம் இடம் மாறியிருக்கிறது. எக்ஸ்பியில் ஒரு பெயர், விஸ்டாவில் வேறு பெயர், 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் வேறு இடம், 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் வேறு தோற்றம். விண்டோஸ் 95, 98 காலத்தில் வின்ஐபிசிஎஃப்ஜி என்றொரு அழகான சிறு சாளரம் இருந்தது. எக்ஸ்பியில் அதுவே காணாமல் போயிற்று. இனி அதே பேச்சைக் கட்டளை வழியில் பாருங்கள்.

"அப்பா, விண்டோஸ் பட்டனை அழுத்திக்கிட்டே ஆர் எழுத்தைத் தட்டுங்க. வர்ற கட்டத்துல சி, எம், டி அடிச்சு என்டர் பண்ணுங்க."

"கருப்பா ஒண்ணு வந்திருக்கு."

"அதுல ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி. நடுவுல இடம் விடாதீங்க. என்டர்."

"ஏகப்பட்டது வந்திருக்கேம்மா."

"மேல போய்க்கிட்டே வாங்க. 'ஐபிவி4 அட்ரஸ்'னு முடியற வரி இருக்கா? அதுல நாலு நம்பர் என்ன?"

"169, 254, அப்புறம்..."

"போதும்பா. ரவுட்டரை அணைச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க. அப்புறம் மறுபடி இதையே அடிச்சுச் சொல்லுங்க."

ஐபிகான்ஃபிக் என்ற இந்த எட்டெழுத்துக் கட்டளை 1990-களில் விண்டோஸ் என்.டி.யில் இருந்தது, இன்றைய விண்டோஸ் 11-லும் அப்படியே இருக்கிறது. ஒருமுறை கற்றுக்கொண்டது முப்பது ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகிறது. இதற்கு விதிவிலக்கும் உண்டு. லினக்ஸில் பழைய இஃப்கான்ஃபிக் கட்டளையின் இடத்தை ஐ.பி. என்ற இரண்டெழுத்துக் கட்டளை பெரும்பாலும் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆப்பிள் கணினிகளிலோ பழைய இஃப்கான்ஃபிக் இன்னும் இருக்கிறது.

அடுத்த பயன், கட்டளை எழுதி வைக்கக் கூடியது. ட்யூஷன் சென்டரோ சங்க அலுவலகமோ நடத்துகிறவர் இருபது கணினிகளில் டி.என்.எஸ். எண்ணை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாளர வழியில் ஒவ்வொரு கணினியின் முன்பும் உட்கார்ந்து அதே பொத்தான்களைத் தட்ட வேண்டும். பதினைந்தாவது கணினியில் கை தவறும். விண்டோஸில் நெட்எஸ்எச் என்ற கட்டளையை ஒரு கோப்பில் ஒருமுறை எழுதி வைத்தால், அதையே எல்லாவற்றிலும் ஓட்டலாம். என்ன செய்தோம் என்பதற்கு அந்தக் கோப்பே சாட்சி. அடுத்த ஆண்டு வேறொருவர் பொறுப்பேற்றாலும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

எந்த இடத்தில் அறுந்திருக்கிறது?

நெட் போய்விட்டால் சாளரம் என்ன சொல்லும்? "இணையம் இல்லை" என்று மட்டும் சொல்லும். அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்பது சுவையான செய்தி. விண்டோஸ், மைக்ரோசாப்டின் ஒரு குறிப்பிட்ட தளத்திலிருந்து ஒரு சிறு எழுத்துக் கோப்பைக் கேட்டுப் பார்க்கிறது. எதிர்பார்த்த சொற்கள் வந்தால் இணையம் உண்டு, வராவிட்டால் இல்லை. இந்த ஒரு சோதனையின் முடிவுதான் அந்தச் சின்னம். அறுந்தது ரவுட்டருக்கு இப்புறமா அப்புறமா என்பதை அது சொல்லாது.

அதை அறிய நான்கு படிகள் போதும். நான்கும் கட்டளைத் திரையில் செய்ய வேண்டியவை.

முதற்படி: ஐபிகான்ஃபிக் அடித்து முகவரியைப் பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் பெரும்பாலும் ரவுட்டரிடம் முகவரி வாங்கியாயிற்று என்று பொருள். 169.254 என்று தொடங்கினால், கணினி கேட்டும் ரவுட்டர் பதில் தரவில்லை. வேறு வழியின்றித் தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. கோளாறு வீட்டுக்குள்தான். கேபிளையும் ரவுட்டரையும் கவனியுங்கள். எந்த எண்ணும் இல்லாமல் 'மீடியா டிஸ்கனெக்டெட்' என்று வந்தால் அந்த வழியில் இணைப்பே இல்லை. ஒரு கணினியில் கம்பி இணைப்பு, ஒய்ஃபை என்று பல வழிகள் இருக்கும்; நீங்கள் பயன்படுத்தும் வழிக்கு உரிய பத்தியை மட்டும் பாருங்கள்.

இரண்டாம் படி: அதே பட்டியலில் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, பிங் என்று அடித்து, இடம் விட்டு அந்த எண்ணை அடியுங்கள். விண்டோஸ் நான்கு முறை தட்டிப் பார்க்கும். 'ரிப்ளை' என்று நான்கு வரி வந்தால் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே வழி சரி. 'டைம்டு அவுட்' என்று வந்தால் தெருமுனைக்கே நம் குரல் எட்டவில்லை.

மூன்றாம் படி: பிங் 8.8.8.8 என்று அடியுங்கள். இது கூகுள் நிறுவனம் 2009 முதல் பொதுவில் நடத்தும் டி.என்.எஸ். சேவையின் முகவரி. இரண்டாம் படி சரியாகி இது தவறினால், கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கு வெளியே, அதாவது கேபிள்காரரின் பக்கம் இருக்கிறது.

நான்காம் படி: எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி பிங் செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று செய்தி வந்தால் டைரக்டரியில்தான் கோளாறு. ஐபிகான்ஃபிக் என்று அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு, ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று சேர்த்தால் கணினி நினைவில் வைத்திருக்கும் பழைய பெயர்க்கணக்கு அழியும். அதற்கும் மசியாவிட்டால் டி.என்.எஸ். எண்ணை மாற்றிப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சில கருவிகளும் தளங்களும் பாதுகாப்புக்காக பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே பதில் வந்தால் வழி இருக்கிறது என்பது உறுதி; வராவிட்டால் மட்டும் வழியே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மற்றப் படிகளோடு சேர்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்த நான்கையும் செய்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. பிறகு கேபிள்காரரிடம், "கேட்வே வரைக்கும் பிங் போகுது, அதுக்கு மேல போகலை" என்று எந்த மொழியில் சொன்னாலும் அவருக்குப் புரியும். கேட்வே, பிங் என்ற சொற்களுக்கு மாநில எல்லை கிடையாது. "உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு" என்ற பேச்சுக்கு அங்கே இடமிருக்காது.

கட்டளையின் ஆபத்துகள்

கட்டளை சொன்னதைச் செய்யும், பெரும்பாலும் "நிச்சயமாகவா?" என்று திருப்பிக் கேட்காது. தொலைவில் உள்ள ஒரு கணினிக்குள் வலை வழியாகவே நுழைந்து அதன் முகவரியை மாற்றினால், மாற்றிய மறுநொடி நம் இணைப்பு அறுந்துபோகும். உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டிய கதைதான். பிறகு அந்த ஊருக்கு ஆள் போய்த்தான் சரிசெய்ய வேண்டும்.

லினக்ஸில் இன்னொரு சங்கதி. ஐ.பி. கட்டளையால் செய்யும் மாற்றம் கணினியை அணைத்துப் போட்டால் மறைந்துவிடும். சாளரத்தில் செய்தால் சேமிக்கப்படும். இது புரியாமல், "நேற்று சரியா இருந்தது, இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்று குழம்புகிறவர்கள் உண்டு. அதுபோல ஒரே விவரத்தை இருவர் நிர்வகிப்பதாலும் குழப்பம் வரும். பல லினக்ஸ் கணினிகளில் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல், 2004-இல் ரெட்ஹேட் நிறுவனம் தொடங்கியது, வலை இணைப்பைக் கவனித்துக்கொள்கிறது. டி.என்.எஸ். எண்ணை நாம் கோப்பைத் திறந்து கையால் எழுதினால், அது சற்று நேரத்தில் அதைத் துடைத்துவிட்டுத் தன் கணக்கை எழுதிவிடும். கோப்பின் முதல் வரியில் 'நெட்வொர்க்மேனேஜர் உருவாக்கியது' என்று ஆங்கிலத்தில் குறிப்பு இருந்தால் அதில் கை வைக்க வேண்டாம். அந்த நிரலுக்கே சொந்தமான என்எம்சிஎல்ஐ என்ற கட்டளையின் மூலம் சொன்னால் அது கேட்டுக்கொள்ளும், மாற்றமும் நிலைக்கும். அதனிடமே என்எம்டியூஐ என்று இடைப்பட்ட வழி ஒன்றும் இருக்கிறது. கருப்புத் திரையிலேயே கட்டங்களும் பட்டியல்களும் தோன்றும்; அம்புக்குறி விசைகளால் நகரலாம். மெனு கார்டும் உண்டு, சுட்டெலியும் வேண்டாம்.

மிகப் பெரிய ஆபத்து வேறு. கருப்புத் திரையைக் கண்டால் நமக்கு இருக்கும் பயத்தையே மோசடிக்காரர்கள் முதலாக்குகிறார்கள். பெரிய கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, நெட்ஸ்டாட் என்ற கட்டளையை அடிக்கச் சொல்வார்கள். திரையில் ஓடும் பட்டியலில் 'ஃபாரின் அட்ரஸ்' என்று ஒரு தலைப்பு இருக்கும். "பார்த்தீங்களா, வெளிநாட்டுக்காரன் உங்க கம்ப்யூட்டர்ல புகுந்துட்டான்" என்று மிரட்டிப் பணம் பறிப்பார்கள். உண்மையில் ஃபாரின் அட்ரஸ் என்றால் இணைப்பின் எதிர்முனையின் முகவரி, அவ்வளவுதான். நீங்கள் திறந்து வைத்திருக்கும் செய்தித் தளத்தின் முகவரியும் அங்கேதான் வரும். முன்பின் தெரியாதவர் போனில் சொல்லும் எந்தக் கட்டளையையும் அடிக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பார்க்காமலே இருப்பதன் விலை

அப்படியானால் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லதல்லவா என்று கேட்கலாம். அதற்கு ஒரு நிகழ்ச்சி பதில் சொல்கிறது. டி.என்.எஸ். சேஞ்சர் என்ற தீய நிரல், பாதிக்கப்பட்ட கணினிகளின் டி.என்.எஸ். எண்ணை மட்டும் சத்தமில்லாமல் மாற்றியது. அதன்பின் பெயரைக் கேட்டால் எந்த எண்ணைத் தருவது என்பது மோசடிக் கும்பலின் கையில் இருந்தது. 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் இதற்கு இரையாயின. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இந்தக் கும்பலைப் பிடித்தது. போலி டைரக்டரிகளை உடனே மூடினால் லட்சக்கணக்கான வீடுகளில் நெட் நின்றுவிடும் என்பதால், நீதிமன்ற அனுமதியோடு அவற்றின் இடத்தில் நல்ல சர்வர்களை வைத்துச் சில மாதங்கள் நடத்தினார்கள். 2012 ஜூலை 9 அன்று அவையும் மூடப்பட்டன. இத்தனை மாத அவகாசம் இருந்தும் கடைசி நாள்வரை சரிசெய்யாமல் விடப்பட்ட கணினிகள் லட்சக்கணக்கில் இருந்தன.

மாற்றப்பட்டது ஒரே ஓர் எண். இணையம் வழக்கம்போல் ஓடியது. சாளரத்தில் எந்தச் சின்னமும் மாறவில்லை. ஐபிகான்ஃபிக் என்று அடித்து, இடம் விட்டு, சாய்கோட்டோடு ஆல் என்று சேர்த்திருந்தால், டி.என்.எஸ். சர்வர்ஸ் என்ற வரியில் அந்த எண் வெளிப்படையாகத் தெரிந்திருக்கும். சாளர வழியிலும் அதைப் பார்க்கலாம்தான். நாலு சாளரம் உள்ளே போக வேண்டும். எப்படி இருந்தது என்று முன்பே குறித்து வைத்திருந்தவருக்குத்தான் மாறியது தெரியும். நோயில்லாதபோதே ரத்த அழுத்தத்தைக் குறித்து வைக்கிறோமே, அந்த மாதிரி.

வீட்டில் செய்யக் கூடியவை

எதை எங்கே பயன்படுத்துவது என்பதற்கு ஒரு சுலபமான வழிமுறை சொல்லலாம். எப்போதாவது ஒருமுறை, ஒரே ஒரு கணினியில், ஒரு விவரத்தை மாற்ற வேண்டுமா? சாளரத்தையே பயன்படுத்துங்கள், அது தப்பைத் தடுக்கும், மாற்றத்தைச் சேமிக்கும். இப்போது என்ன நிலை என்று பார்க்க வேண்டுமா, அல்லது தொலைவில் இருப்பவருக்குப் போனில் உதவ வேண்டுமா? கட்டளையைப் பயன்படுத்துங்கள். மேலே சொன்ன ஐபிகான்ஃபிக், பிங் இரண்டும் சொன்னபடி அடித்தால் எந்த அமைப்பையும் மாற்றிவிடாது. ஆகவே பயப்படாமல் பழகலாம். ஒரே மாற்றத்தைப் பல கணினிகளில் செய்ய வேண்டுமானால், விவரம் தெரிந்தவரைக் கொண்டு கட்டளைக் கோப்பாக எழுதி வாங்குங்கள். அந்தக் கோப்பின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

நெட் நன்றாக வேலை செய்யும் ஒரு நாளில், அந்த நான்கு விவரங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே நான்கு படிகளையும் தமிழில் எழுதி, ரவுட்டருக்கு அருகே சுவரில் ஒட்டுங்கள். ஆனால் இந்த விவரங்களைப் படம் பிடித்துப் பொது வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம். உதவுகிறவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெற்றோரின் வீட்டிலும் இப்படி ஒரு தாளை எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். அதைப் பார்த்து அவர்களையே ஒருமுறை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் அருகில் இருக்கும்போது பழகினால் கருப்புத் திரையைப் பற்றிய கூச்சம் போய்விடும்.

நம் பிள்ளைகளில் பலர் கணினித் துறையில்தான் இருக்கிறார்கள். வீட்டில் நெட் போனால் அவர்கள் ஓடிவந்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த இரண்டு நிமிடத்தோடு இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்து, என்ன பார்த்தார்கள், ஏன் பார்த்தார்கள் என்று பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால், அடுத்த முறை அவர்கள் வேறு ஊரில் இருக்கும்போது வீடு திகைத்து நிற்காது. சாளரமோ கட்டளையோ, நமக்குக் கைவந்ததைக் கற்றுக்கொள்வோம், கற்றுக்கொடுப்போம்.